காதைத் தொடாத ஹெட்போன்

போன மாதம் ஒரு காலை, மாடியில் மிளகாய் வற்றலைக் காயப் போட்டுவிட்டு இறங்கும்போது போன் வந்தது. நான் வேலை பார்த்த தீக்காய வார்டின் இப்போதைய இன்சார்ஜ் சிஸ்டர் பேசினார். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தார், வார்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஹெட்போன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். நோயாளிகள் படுத்துக்கொண்டே பாட்டு கேட்டால் வலி கொஞ்சம் மறக்கும் அல்லவா? கடைக்காரர் அனுப்பிய நான்கு படங்களை எனக்கு வாட்ஸப்பில் தள்ளிவிட்டு, "இதுல எது நல்லாருக்கும்க்கா?" என்று கேட்டார்.

படங்களைப் பார்த்தேன். நான்குமே அழகாகத்தான் இருந்தன.

"நீ போட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேங்க்கா. இந்தக் கறுப்புக் கலரு மெத்துன்னு இருக்கு."

"நின்னுக்கிட்டுப் பாத்தியா, படுத்துப் பாத்தியா?"

 சிரித்தார். "கடையில போயி யாராச்சும் படுப்பாகளாக்கா?"

சிரிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு காலத்தில் கேட்காமல் விட்டதால் ஒரு பெண்ணின் காதில் ஒரு துண்டு போய்விட்டது. கேட்காமல் விட்டவள் நான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இதில் ஹெட்போனைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் என்று.

என் பெயர் பாக்கியலட்சுமி. மல்லாங்கிணறு பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். அப்பா சோளமும் மல்லியும் போட்டவர். வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற பிழைப்பு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று என்னை மதுரைக்கு நர்சிங் படிக்க அனுப்பினார். மூன்று வருடப் படிப்பில் தீக்காயத்துக்கு ஒதுக்கியது இரண்டே வாரம். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சில ஊர்கள் சுற்றிவிட்டு எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தீக்காய வார்டுக்கு வந்தேன். "ஆறு மாசம் இருந்து பாரு, முடியலைன்னா மாத்திக்கலாம்" என்றார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

சிவகாசிப் பக்கம் சீசன் என்றால் எல்லோருக்கும் தீபாவளி ஆர்டர்தான் நினைவுக்கு வரும். எங்களுக்குச் சீசன் என்றால் காலி கட்டில்களை எண்ணிப் பார்க்கிற காலம். எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த வருடம் இவை காலியாகவே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அப்போது வார்டு இன்சார்ஜ் மங்கையர்க்கரசி சிஸ்டர். உயரமானவர், ஒல்லியானவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். யாராவது அவரிடம் போய் ஏதாவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றி ரிப்போர்ட் நோட்டின் மேல் வைப்பார். சொல்வது முழுவதையும் கேட்பார். கடைசியில் "அப்புறம்?" என்பார். சொல்லாமல் மறைத்தது ஏதாவது இருந்தால் அந்த "அப்புறம்?" அதை வெளியே இழுத்துவிடும்.

டிரெஸ்ஸிங் மாற்றுவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு நூல் பிசகக் கூடாது. காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம். அதற்கு அரைமணி நேரம் முன்னால் வலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். பழைய துணியை உப்புநீரில் நன்றாக நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் துணி தானாக விடுகிற நேரம் அது. அந்தச் சமயத்தில் பொறுமை இழந்து இழுத்தால் புதிதாக முளைத்த தோலும் கூடவே வந்துவிடும். "நாம அவசரப்படுற ஒரு நிமிஷம் அவங்களுக்கு ஒரு வாரம்" என்பார். பிறகு கழுவி, மருந்து தடவி, வலைத்துணி போட்டு, பஞ்சு வைத்துச் சுற்ற வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். வேறு எந்த வேலை வந்தாலும், எந்த அதிகாரி வந்தாலும், டிரெஸ்ஸிங் நேரத்தைத் தள்ளிவைக்க மாட்டார்.

காதுக்கு மட்டும் தனிப் பாடம் எடுப்பார். காது மடலில் சதை கிடையாது. குருத்தெலும்பின் மேல் ஒட்டிய மெல்லிய தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. தோல் வெந்துபோன காதின் மேல் எது அழுத்தினாலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கெட்டுப்போகும். கெட்டால் வெட்டி எடுக்க வேண்டியதுதான். அதனால் காதில் தீக்காயம் உள்ளவர்களுக்குத் தலையணை இல்லை. மடலுக்குப் பின்னால் ஒரு சிறு பஞ்சுத்துண்டு, மேலே காற்றுப்போல ஒரு துணி. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாக வந்த பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால்தான் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

செல்லக்கனி சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்துக்காரி. அப்போது முப்பத்தெட்டு வயது. பட்டாசுக்குத் திரி வைக்கிற வேலை. பக்கத்து அறையில் வெடித்ததில் கதவோடு தூக்கி எறியப்பட்டிருக்கிறாள். முகம், இரண்டு காது, இரண்டு கையும் முழங்கைவரை. வந்த அன்று முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. நான்கு நாள் அப்படியே இருந்தது. அந்த நான்கு நாளில் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டே விஷயம். "கூட இருந்தவுகல்லாம் எப்படி இருக்காக?" என்பது ஒன்று. மற்றது, "எம் போனு எங்கக்கா?"

முதல் கேள்விக்கு அவளுடைய புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரியில் லோடு ஏற்றுகிற மனிதர், பேச்சு குறைவு. இரண்டாவது கேள்விக்கு, "வீட்லதேன் இருக்கு. இப்ப எதுக்கு அது?" என்றார்.

"பாட்டு கேக்கணும்."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. என்னைப் பார்த்து, "கிறுக்கு மாதிரி பேசுறா சிஸ்டர்" என்றார்.

அது கிறுக்கில்லை என்று மறுநாள் சாப்பாடு ஊட்டும்போது தெரிந்தது. வேலை பார்க்கிற இடத்தில் போன் வைத்திருக்கக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகள். எல்லாம் முடித்துக் கட்டிலில் சாய்ந்து, காதில் இயர்போனை மாட்டினால் ஒரு மணி நேரம். போனில் நாற்பது பாட்டு வைத்திருந்தாள். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன வாத்தியம் வரும் என்பது வரை அவளுக்கு மனப்பாடம்.

"அந்த ஒரு மணி நேரந்தேங்க்கா எனக்குன்னு உள்ளது," என்றாள். பிறகு கஞ்சியை விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தாள். "இப்பக் கொஞ்சம் அசந்தா அந்த வெடிச் சத்தந்தேன் கேக்குது. மறுபடி மறுபடி அதே சத்தம். வேற ஏதாவது சத்தம் காதுல விழுந்தாத்தேன் தூங்குவேன் போல."

அவள் தூங்கவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். மருந்து கொடுத்தால் அரைமணி நேரம் கண் அயர்வாள். பிறகு திடுக்கிட்டு எழுந்து, கட்டுப் போட்ட கைகளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வாள். தூக்கமில்லாதவள் சாப்பிட மாட்டாள். சாப்பிடாதவளுக்குப் புண் ஆறாது. சாப்பாட்டு அளவுச் சீட்டில் அவள் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்தது.

புருஷன் போனைக் கொண்டுவந்தார். நான் அதை மேசையில் வைத்து மெதுவாக ஒரு பாட்டைப் போட்டேன். செல்லக்கனியின் தோள் இறங்கியது. அவ்வளவு நாள் தோளைத் தூக்கி வைத்திருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பாதிப் பாட்டு முடிவதற்குள் அடுத்த கட்டிலில் இருந்த பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அதே விபத்தில் அவளுடைய தங்கை போய்விட்டாள். "நிப்பாட்டச் சொல்லுங்க, நிப்பாட்டச் சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மங்கையர்க்கரசி சிஸ்டர் வந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார். யாரையும் திட்டவில்லை.

"ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு ரணம். வார்டுல சத்தமா வைக்காத," என்றார்.

இயர்போன் வைக்க வழியில்லை. காதுத் துவாரம் வீங்கி மூடியிருந்தது. அடுத்த நாள் சிஸ்டர் சொந்த ஊர்த் திருமணத்துக்காக மூன்று நாள் லீவில் போனார். அன்று டூட்டி முடிந்து விருதுநகரில் பஸ் மாறும்போது பஜாரில் ஒரு கடையில் ஹெட்போன்கள் தொங்குவதைப் பார்த்தேன். காதை முழுவதுமாக மூடுகிற பெரிய வகை. பஞ்சு வைத்துத் தைத்த வட்டங்கள். கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்தேன். பூனைக்குட்டி காதில் உட்கார்ந்ததுபோல் மெத்தென்று இருந்தது. காதைச் சுற்றித்தானே உட்காருகிறது, மடலில் படாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம், வலைத்துணிக்கு மேல் அதை மெதுவாக வைத்தேன். "நேரா மல்லாக்கப் படுத்திருக்கணும். தலையத் திருப்பக் கூடாது. அரைமணி நேரந்தான்," என்றேன்.

"திருப்ப மாட்டேங்க்கா." பாட்டு ஆரம்பித்ததும் உதடு அசைந்தது. பிறகு, "அக்கா, இந்தப் பக்கம் பாட்டு வரலக்கா" என்றாள். இடது பக்கத்தை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். கேட்டது. வயர் எங்கேயாவது விட்டு விட்டுப் பிடிக்கிறது போல என்று நினைத்து மறுபடி வைத்தேன். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. புதிய கேஸ். ஓடிப் போனேன்.

திரும்பி வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. செல்லக்கனி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. அந்த மெத்தென்ற வட்டம் அவள் தலைக்கும் கட்டிலுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. முழுத் தலையின் எடையும் அதன் மேல்.

எடுத்துப் பார்த்தேன். மடல் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு வந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நினைக்கவில்லை, ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காது சூடாகி வீங்கியது. தொட்டால் துடித்தாள். காய்ச்சல் வந்தது. அன்று காலை சிஸ்டர் டூட்டிக்குத் திரும்பியிருந்தார். நான் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார். சொன்னேன். கடையில் வாங்கியது, மாட்டியது, ஆம்புலன்ஸ் வந்தது.

"அப்புறம்?"

"பாத்ததும் யார்கிட்டயும் சொல்லல சிஸ்டர்."

 நோட்டை என் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்துக் கொடுத்தார். "என்ன நடந்ததோ அத அப்படியே எழுது. நேரம் போட்டு எழுது. டாக்டர் வந்ததும் முதல்ல இதப் படிக்கணும். அப்புறம் செல்லக்கனிகிட்ட நீயே சொல்லு."

நேரம் போட்டு எழுதினேன். பிறகு அவள் கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். செல்லக்கனிக்கு அப்போது கண் திறந்திருந்தது. என் கண்ணை மட்டும் பார்த்தாள். எங்கள் முகத்தில் அவளுக்குத் தெரிந்ததே கண் மட்டும்தான், மற்றதெல்லாம் மாஸ்க்.

"நாந்தேனக்கா பாட்டு பாட்டுன்னு உங்க உசுர வாங்குனேன்," என்றாள். "இனிமே பாட்டே வேணாம்."

டாக்டர் ஊசி மருந்தை மாற்றினார். இருந்தும் மடலின் மேல் விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு எடுக்க வேண்டி வந்தது. எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். அதெல்லாம் நியாயம்தான். என்னால் தாங்க முடியாதது வேறு. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு செல்லக்கனி ஒன்றும் கேட்பதில்லை. கஞ்சி வேண்டுமா என்றால் தலையாட்டுவாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடியே கிடப்பாள்.

நான்கு நாள் கழித்து சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை திட்டுதான் என்று நினைத்துப் போனேன். மேசையில் நான் வாங்கிய ஹெட்போன் இருந்தது.

"பாட்டுக்கு வேற ஏற்பாடு என்ன பண்ணிருக்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நீங்கதான சிஸ்டர்..."

"பாட்ட நிறுத்தச் சொன்னது யாரு? அழுத்துறத நிறுத்தணும். அவ்வளவுதான் என் பேச்சு. அன்னிக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் தூங்கிருக்கா. வந்ததுலருந்து அவ தூங்குனதே அதுதான். அதையும் நீதான நோட்டுல எழுதிருக்க?"

பிறகு என்னைக் காலியாக இருந்த ஆறாம் நம்பர் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "படு," என்றார்.

"சிஸ்டர்?"

"படும்மா. தலையணை இல்லாமப் படு. இத மாட்டிக்க."

டூட்டி முடிந்த மதிய நேரம். வார்டில் எல்லோரும் பார்க்க யூனிபார்மோடு கட்டிலில் ஏறிப் படுத்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது, தங்கையைப் பறிகொடுத்த அந்தப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை இடது பக்கம் சாய்த்தேன். இரண்டு நிமிடத்தில் காது வலித்தது. ஐந்து நிமிடத்தில் கொதித்தது. மேலே இருக்கும் வளைவு உச்சந்தலையை அமுக்கியது. திரும்பும்போது வயர் தோளுக்கு அடியில் மாட்டியது. கடையில் பூனைக்குட்டிபோல இருந்த பொருள் கட்டிலில் கல்லாகிவிட்டது. என் காதில் புண் எதுவும் இல்லை, எனக்கே இப்படி.

அதற்கடுத்த நான்கைந்து நாள், டூட்டி முடிந்ததும் ஒவ்வொன்றாக இரவல் வாங்கி வந்து படுத்துப் பார்த்தேன். கழுத்தில் மாட்டும் வகை, மல்லாந்தால் பிடரியில் குத்தியது. காதுக்கு முன்னால் எலும்பில் வைத்துக் கேட்கிற புது வகை ஒன்றை ஒரு டாக்டர் கொடுத்தார். அதன் கொக்கி மடலின் மேல்தான் உட்கார்ந்தது. துணிப்பட்டைக்குள் ஸ்பீக்கர் வைத்துத் தைத்த தலைப்பட்டை மற்றவற்றைவிட மேல். நல்ல காது உள்ளவர்கள் வீட்டில் படுத்துக் கேட்க அதையே சொல்வேன். மெல்லிசு, பக்கவாட்டில் படுத்தாலும் உறுத்தாது, துணியைத் துவைத்துக்கொள்ளலாம். ஆனால் செல்லக்கனியின் தலையில் அதைக் கட்ட முடியாது. ஒவ்வொன்றையும் சிஸ்டரிடம் காட்டுவேன். அழுத்துமா என்பார். துடைக்க முடியுமா என்பார். அடுத்த கட்டிலுக்குக் கேட்குமா என்பார். மூன்றில் ஒன்றாவது இடிக்கும்.

கடைசியில் விருதுநகரில் ரேடியோ, போன் ரிப்பேர் பார்க்கும் மாரிச்சாமியிடம் போனேன். என் தம்பியோடு படித்தவர். கதையைக் கேட்டுவிட்டு என் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, தலையில மாட்டுனாத்தேன ஹெட்போனு? மாட்டாம விட்டா என்ன?"

"மாட்டாம எப்படிக் கேக்கும்?"

"உள்ள இருக்க ஸ்பீக்கரு பிஸ்கட் கனந்தேன் இருக்கும். அதக் கழட்டித் தாரேன். தலைக்கு அடியில எதாச்சும் வைப்பீகள்ல, அதுக்குள்ள சொருகிருங்க. காதுக்குப் பக்கத்துல இருந்தாப் போதும், படணும்னு என்ன இருக்கு?"

தலைக்கு அடியில் நாங்கள் வைப்பது பஞ்சையும் வலைத்துணியையும் சுருட்டிச் செய்த வளையம். தலையின் பின்பக்கம் அதில் உட்காரும், காது இரண்டும் அந்தரத்தில் நிற்கும். அந்த வளையத்தின் இரண்டு பக்கமும், காதுக்கு இரண்டு விரல் தள்ளி, பிஸ்கட் கனமுள்ள ஸ்பீக்கர்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. வயரைக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். பஞ்சு வளையத்தைத் தினமும் மாற்றிவிடலாம், பிளாஸ்டிக்கை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாம். மறுபடி ஆறாம் நம்பர் கட்டிலில் படுத்தேன். அப்படியும் இப்படியும் திரும்பினேன். காதில் எதுவும் படவில்லை. பாட்டு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பதுபோல் கேட்டது. சிஸ்டர் அடுத்த கட்டிலில் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கேக்கல," என்றார். அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

செல்லக்கனி வேண்டாம் என்றுதான் சொன்னாள். "உங்களுக்குத் திருப்பியும் கெட்ட பேரு வந்துரும்க்கா." நான் பதில் சொல்லாமல் வளையத்தை வைத்து, அவளுடைய போனில் முதல் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்குக்கா. ஆனா ஒண்ணு. சரணத்துக்கு முன்னால புல்லாங்குழல் வரணும். வரல."

"பாட்டுல இல்லையோ என்னமோ."

"இருக்குக்கா. நூறு தடவ கேட்டுருக்கேன்."

குனிந்து வளையத்தின் பக்கத்தில் காதை வைத்தேன். புல்லாங்குழல் வந்தது. இடது ஸ்பீக்கரில் மட்டும் வந்தது. பாட்டை அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள்போல.  அன்றைக்கு, "இந்தப் பக்கம் பாட்டு வரல" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் வயரைச் சந்தேகப்பட்டேன்.

அவளுடைய கட்டிலின் இடது பக்கம் சுவர். டிரெஸ்ஸிங்குக்கு மட்டும்தான் வெளியே இழுப்போம். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் வலது பக்கம் நின்றுதான் பேசுவோம். கட்டிலை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் போய் நின்றேன். அவள் கண் மூடியிருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக, "செல்லக்கனி, சாப்பிட்டியா?" என்றேன். அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. வலது பக்கம் வந்து அதே குரலில் கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா," என்றாள்.

காது டாக்டர் வந்து பார்த்தார். வெடித்த அதிர்ச்சியில் இடது செவிப்பறை கிழிந்திருந்தது. வெளிக்காயத்தின் வீக்கத்தில் உள்ளே யாரும் பார்க்கவில்லை. "இத இப்பவாவது கண்டுபிடிச்சீங்களே. தண்ணி போகாமப் பாத்துக்கங்க. தானா மூடலைன்னா புண்ணெல்லாம் ஆறுன பிறகு ஒரு சின்ன ஆபரேஷன். கேட்க வாய்ப்பு இருக்கு," என்றார். செல்லக்கனி அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள். அவர் போன பிறகு என்னிடம், "வாய்ப்பு இருக்குன்னாருல்லக்கா?" என்று மூன்று முறை கேட்டாள்.

மாரிச்சாமிக்குப் போன் போட்டேன். "ஒரு காதுதான் கேக்குது. பாட்டுல பாதி போயிருது," என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போன்லயே ஒரு செட்டிங் இருக்குக்கா. ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணாக் கலந்துரும். அம்புட்டுத்தேன்." எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அழுத்தினேன். மறுபடி முதல் பாட்டு. சரணத்துக்கு முன்னால் செல்லக்கனியின் கட்டுப் போட்ட கை போர்வையைவிட்டு மேலே எழுந்தது.  அப்படியே நின்றது, வாத்தியம் முடியும்வரை.

மறுநாள் காலை அவளுக்கு ஒன்பது மணி டிரெஸ்ஸிங். எட்டரைக்கு வலி மருந்து கொடுத்துப் பாட்டைப் போட்டுவிட்டு டிராலியைத் தயார் செய்யப் போனேன். வந்து பார்த்தால் தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது, குறட்டைகூட வந்தது. உப்புநீர், துணி, மருந்து எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு சிஸ்டர் கட்டிலருகே நின்றார். மணி ஒன்பது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"டிராலிய எட்டாம் நம்பருக்குத் தள்ளு. இவ எந்திரிக்கட்டும்," என்றார்.

இருபது வருடம் வார்டைக் கட்டி ஆண்டவர் டிரெஸ்ஸிங்கைத் தள்ளிவைத்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். செல்லக்கனி பதினொன்றரைக்கு எழுந்தாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சீட்டில் அளவு ஏறியது. கையில் தோல் ஒட்டினார்கள், பிடித்துக்கொண்டது. விரலை மடக்கிப் பழக்கும்போது வலியில் பல்லைக் கடிப்பாள், ஒரு பாட்டு முடியும்வரை மடக்குவேன் என்று பந்தயம் கட்டுவாள். அடுத்த கட்டில்காரி ஒரு நாள் தானாகவே கேட்டாள், "அந்த வளையத்த எனக்கும் ஒருக்கா வச்சுப் பாக்கலாமா?" என்று. அவள் கேட்டது சாமி பாட்டு. மாரிச்சாமி இன்னும் மூன்று செய்து கொடுத்தார்.

செல்லக்கனி வீட்டுக்குப் போன பிறகு இரண்டு தடவை புண் பார்க்க வந்தாள். காது ஆபரேஷன் வேறு ஊர் மருத்துவமனையில் நடந்தது. அந்த நேரத்தில் என் பணியும் முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று தெரியாமலே இருந்தது. யாரிடமாவது விசாரித்திருக்கலாம். பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

போன வைகாசியில் என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கச் சிவகாசி போனோம். அச்சகத்தில் மிஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஒரு நீள மேசையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேசையின் ஒரு ஓரமாக நின்று, "பத்திரிகை மாடல் புத்தகம் எங்க இருக்கும்மா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

மேசையின் கோடியில் இருந்த பெண் தாள்களை அப்படியே வைத்தாள். தலையைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த முகம் தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை. எனக்குத் தெரிந்தது. கன்னத்தில் தோல் கொஞ்சம் மினுமினுப்பாக இருந்தது, முடியைக் காது மறையும்படி வாரியிருந்தாள்.

"பேசுங்கக்கா," என்றாள். "இன்னொருக்காப் பேசுங்க."

"செல்லக்கனி," என்றேன். 

எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் நன்றாக மடங்கின. மற்ற பெண்களைப் பார்த்து, "எங்க வார்டு அக்கா" என்றாள். ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். மூத்தவன் ஐ.டி.ஐ. சேர்ந்திருக்கிறான், பட்டாசு வேலைக்கு மறுபடி போகவில்லை, இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. ரேடியோ சத்தத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் நின்று கேட்டது அவளுடைய இடது பக்கத்திலிருந்து.

அவளும் என் முகத்தைப் பார்த்து அதைப் புரிந்துகொண்டாள்போல. சிரித்தாள். பிறகு மிஷின் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள்.

"ஏலே, அந்த ரேடியோவக் குறைலே! காது வலிக்குது. நாங்க ரெண்டு பேரும் பேசணும்."